யாருக்கு எந்தப் பொறுப்பு? முடிவெடுக்கும் திறனையும் பதவியையும் பொருத்துவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பம்ப் தொழிற்சாலை, வார்ப்படக் கூடம், நூற்பாலை என்று கோயம்புத்தூர் வட்டாரக் கம்பெனிகளுக்கு ஆள் தேர்வு, பதவி அமைப்பு வேலையாகப் போய்வருகிறேன். முதலாளிகளும் எச்.ஆர். ஆட்களும் கேட்கிற சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். ஆளுக்கு ஆள் வார்த்தைதான் மாறும். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்வியைப் போட்டு, நான் வழக்கமாகச் சொல்லும் பதிலைக் கீழே எழுதியிருக்கிறேன்.

முடிவெடுக்கும் திறன்னா என்னங்க? புத்திசாலித்தனத்தைத்தான் சுத்தி வளைச்சு சொல்றீங்களா?

இல்லை. விதி எங்கே முடிகிறதோ அங்கேதான் முடிவெடுப்பது தொடங்குகிறது. மோட்டார் டெஸ்டிங்கில் இன்சுலேஷன் ரீடிங் எல்லைக்குக் கீழே வந்தால் அந்த மோட்டாரைத் தனியே எடுத்து வைக்க வேண்டும். இது விதி, போர்டில் எழுதி மாட்டியிருப்பார்கள், படிக்கத் தெரிந்தால் போதும். ஆனால் எல்லா மோட்டாரும் பாஸ் ஆகிறது, ரீடிங் மட்டும் காலையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே வருகிறது. லைனை நிறுத்துவதா? வார்னிஷைச் சந்தேகப்படுவதா? மழை ஈரம் என்று விட்டுவிடுவதா? இதற்குப் போர்டில் பதில் இல்லை. அங்கே நிற்கிறவர் தன் பொறுப்பில் ஏதோ ஒன்றைச் செய்தாக வேண்டும்.

நன்றாகப் படித்தவர், கணக்கில் கெட்டிக்காரர், பேச்சில் வல்லவர் என்று பலர் இந்த இடத்தில் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். அதனால் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்ப வேண்டாம்.

ஒரு வேலை பெரிசா சின்னதான்னு எப்படி அளக்கிறது? கீழே எத்தனை பேர்னு எண்ணினா போதாதா?

போதாது. நூறு பேரை மேய்க்கிற செக்யூரிட்டி ஆபீசர் இருக்கிறார். கீழே ஒருவர்கூட இல்லாமல் புது மாடல் வடிவமைக்கிற இன்ஜினீயரும் இருக்கிறார். தலையை எண்ணினால் இரண்டாவது ஆள் கணக்கிலேயே வர மாட்டார்.

எனக்குத் தெரிந்து இதற்கு உருப்படியான அளவுகோல் கொடுத்தவர் எலியட் ஜாக்ஸ் (1917–2003). டொரன்டோவில் பிறந்து, மருத்துவம் படித்து, உளப்பகுப்பாய்வுக்குப் போனவர். ‘நடுவயது நெருக்கடி’ என்று இன்று எல்லோரும் சொல்கிறோமே, அந்தச் சொல்லை 1965இல் ஒரு கட்டுரையில் புழக்கத்துக்கு விட்டவரும் அவரே. 1948இல் லண்டனில் கிளேசியர் மெட்டல் என்ற பேரிங் கம்பெனிக்குள் ஆய்வுக்காகப் போனார். நிர்வாக இயக்குநர் வில்ஃப்ரெட் பிரவுன் கேட்டதையெல்லாம் பார்க்க விட்டதால் வருஷக்கணக்கில் அங்கேயே இருந்தார். தொழிலாளர் பிரதிநிதிகளோடு சம்பளம் பற்றிப் பேசும்போது ஒன்று கண்ணில் பட்டது. பட்டறையில் மணிக்கணக்கில் கூலி, அதற்கு மேலே வாரச் சம்பளம், இன்னும் மேலே மாதச் சம்பளம், உச்சியில் இருப்பவர்களுக்கு வருஷக் கணக்கு. வேலையின் பளுவுக்கும் காலத்துக்கும் ஏதோ உறவு இருக்கிறது என்று அவர் பிடித்துக்கொண்டார்.

அந்த அளவுகோலை நான் ‘கால வீச்சு’ என்று சொல்வேன். ஒரு பதவியில் இருப்பவர் தன் சொந்தத் தீர்மானத்தில் நடத்த வேண்டிய வேலைகளில் மிக நீளமானது எதுவோ, அது முடிய ஆகிற காலம்தான் அந்தப் பதவியின் அளவு.

சரி, எங்க கம்பெனியில அந்தக் கால வீச்சை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பதவியில் இருப்பவரைக் கேட்காதீர்கள். அவருடைய மேலாளரைக் கேளுங்கள். “இவரிடம் நீங்கள் ஒப்படைத்ததில், நடுவில் நீங்கள் தலையிடாமல் அதிக நாள் ஓட வேண்டிய வேலை எது? எந்தத் தேதிக்குள் முடிய வேண்டும்?” அவ்வளவுதான் கேள்வி.

நீர்மூழ்கி பம்ப் கம்பெனி ஒன்றின் கொள்முதல் பிரிவை எடுத்துக்கொள்வோம். பர்ச்சேஸ் மேனேஜர் மேஜையில் தினம் நாற்பது ஆர்டர் கிடக்கும். அந்த நாற்பதில் எதுவும் அவர் வேலையின் அளவைச் சொல்லாது. பம்ப் விற்பனை வெயில் காலத்தில்தான் ஏறும். அக்டோபரிலேயே உட்கார்ந்து, மார்ச் முதல் மே வரைக்கும் எவ்வளவு வைண்டிங் ஒயர் (மோட்டாரில் சுற்றும் செம்புக் கம்பி), எவ்வளவு ஸ்டாம்பிங் (மோட்டாருக்கு வெட்டிய தகடு) தேவைப்படும் என்று புக் செய்கிறாரா? செம்பு விலை லண்டன் சந்தையைப் பார்த்து ஆடும். மழை எப்படி, விவசாயி கையில் காசு இருக்குமா என்பதும் தெரியாது. அவர் எடுத்தது சரியா என்று ஜூன் மாதக் குடோனைப் பார்த்தால்தான் தெரியும். ஆக எட்டு மாதம். இன்னொரு கம்பெனியிலும் பர்ச்சேஸ் மேனேஜர் என்றுதான் பெயர். ஆனால் அவர் பழைய பவுண்டரியை விட்டுப் புது பவுண்டரியைத் தேடி, பேட்டர்ன் செய்ய வைத்து, வார்ப்பு உடையாமல் வரும்வரை கூடவே நின்று, அப்புறம் விலை பேச வேண்டும். பதினெட்டு மாதம் ஆகும். விசிட்டிங் கார்டில் ஒரே பதவி. வேலை இரண்டும் வேறு வேறு.

மேலாளரிடம் கேட்ட பிறகு, பதவியில் இருப்பவரிடமும் அதே கேள்வியைத் தனியாகக் கேட்டுப் பாருங்கள். “வெண்டர் டெவலப்மென்ட் முழுக்க அவர் பொறுப்பு” என்று மேலாளர் சொல்வார். “அப்படி யாரும் என்னிடம் சொல்லவே இல்லையே” என்று இவர் சொல்வார். பாதி இடங்களில் என் வேலை அத்தோடு முடிந்துவிடும்.

எத்தனை அடுக்கு இருக்கு இதுல?

ஜாக்ஸ் கணக்குப்படி ஏழு. ஒரு நாளிலிருந்து மூன்று மாதம் வரை முதல் அடுக்கு. ஒரு வருஷம் வரை இரண்டாவது. இரண்டு வருஷம் வரை மூன்றாவது. ஐந்து வருஷம் வரை நான்காவது. பத்து வருஷம் வரை ஐந்தாவது. இருபது வரை ஆறாவது. ஐம்பது வருஷத்தைத் தொடுவது ஏழாவது. கடைசி இரண்டும் பன்னாட்டுப் பெருநிறுவனங்களுக்கு. முந்நூறு பேர் வேலை செய்கிற கம்பெனிக்கு நான்குக்கு மேல் தேவைப்பட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் அதே கம்பெனியின் ஆர்கனைசேஷன் சார்ட்டில் ஒன்பது படி இருக்கும்: ஜூனியர், சீனியர், அசிஸ்டென்ட், டெபுட்டி, அப்புறம் ‘டெபுட்டி’க்குப் பக்கத்தில் ஒரு ‘ஆக்டிங்’.

சட்டுனு முடிவெடுக்கிறவர்தானே பெரிய பொறுப்புக்கு லாயக்கு?

வேகம் ஒன்று, வீச்சு வேறொன்று. கேரி க்ளைன் என்ற உளவியலாளர் 1980களில் அமெரிக்கத் தீயணைப்புப் படைத் தலைவர்களைக் கவனித்தார். அவர்கள் நான்கு வழியை ஒப்பிட்டு ஒன்றைத் தேர்ந்தெடுப்பதில்லை. பார்த்ததுமே ‘இது அந்த மாதிரித் தீ’ என்று அடையாளம் கண்டு இறங்கிவிடுகிறார்கள். இந்த உள்ளுணர்வை எப்போது நம்பலாம் என்று அவரும், உள்ளுணர்வு செய்யும் தப்புகளை ஆராய்ந்த உளவியலாளர் டேனியல் கானெமனும் சேர்ந்து 2009இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். இருவரும் எதிரெதிர் முகாம்காரர்கள், அதனாலேயே அது எனக்குப் பிடிக்கும். அவர்கள் வைத்த நிபந்தனை இரண்டு. சூழலில் ஒரு ஒழுங்கு இருக்க வேண்டும்; செய்தது சரியா தப்பா என்று சீக்கிரம் தெரிந்து, திரும்பத் திரும்பப் பழகியிருக்க வேண்டும்.

இதைக் கால வீச்சோடு சேர்த்துப் பாருங்கள். பட்டறையில் இருப்பவருக்கு ஒரு ஷிப்ட்டில் நூறு தடவை பதில் கிடைக்கிறது. மேலே சொன்ன அக்டோபர் புக்கிங்குக்கு வருஷத்துக்கு ஒரு தடவை. புது ஊரில் புது யூனிட் போடலாமா என்கிற முடிவுக்கு ஆயுளில் நாலைந்து தடவை வந்தால் அதிகம். மேலே போகப் போக அனுபவம் சொல்லிக்கொடுப்பது குறைந்துகொண்டே போகும். அங்கே “என் மனசு சொல்லுது” என்கிறவரைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் பயம்தான்.

ஒருத்தரால எவ்வளவு தூரம் பார்க்க முடியும்னு இன்டர்வியூல தெரிஞ்சுடுமா?

ஓரளவு தெரியும், சரியாகக் கேட்டால். ஜாக்ஸும் அவர் மனைவி கேத்ரின் கேசனும் 1990களில் இதற்கு ஒரு வழி சொன்னார்கள். ஒருவருக்கு உண்மையிலேயே அக்கறையுள்ள ஒரு விஷயத்தில் வாதாட விட்டு, என்ன சொல்கிறார் என்பதை விட்டுவிட்டு எப்படிக் கோக்கிறார் என்று பார்க்க வேண்டும். கோப்பதில் நாலு விதம் உண்டு என்பது அவர்கள் கட்சி.

நான் போகிற இடங்களில் “மூன்றாவது ஷிப்ட் போடலாமா?” என்று கேட்பேன். ஒருவர் தனித்தனிக் காரணமாக அடுக்குவார்: ஆள் கிடைக்காது, கரண்ட் செலவு, ராத்திரி வேலை உடம்புக்கு ஆகாது. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் தொடர்பு இராது. இன்னொருவர் அதே காரணங்களைச் சேர்த்துப் பார்த்து ஒரு முடிவுக்கு வருவார். ஒரு கம்பெனியில் டெஸ்பாட்ச் கிளார்க்காக இருந்த பெண்மணி சொன்ன பதில் இன்னும் நினைவிருக்கிறது: “போட்டா மெயின்டனன்ஸுக்கு மெஷின் ஃப்ரீயா கிடைக்காது சார். கிடைக்கலைன்னா மூணு மாசத்துல பிரேக்டவுன் கூடும். கூடினா நாம அவசரமா சரக்கு அனுப்ப வேண்டிவரும், லாரி வாடகை ஏறும். ஷிப்ட்ல சம்பாதிச்சது லாரில போயிடும்.” இது மூன்றாவது விதம், சங்கிலி. இப்படி இரண்டு மூன்று சங்கிலியை ஒரே நேரத்தில் பிடித்து, ஒன்றை இழுத்தால் மற்றது எங்கே இறுகும் என்று சொல்கிறவர்கள் நாலாவது விதம், அரிது. அந்தப் பெண்மணி அப்போது பில் நம்பர் எழுதிக்கொண்டிருந்தார்.

ஆனால் இந்த ஒரு சோதனையை மட்டும் நம்பி ஆள் எடுக்காதீர்கள். எல்லோருக்கும் ஒரே கேள்வி, ஒரே மதிப்பெண் முறை என்று திட்டமிட்டு நடத்தும் நேர்காணல்தான் 2022இல் சாக்கெட் என்ற உளவியலாளரின் குழு பழைய ஆய்வுகளைத் திரும்பக் கணக்கிட்டபோது முதலிடத்தில் நின்றது. அதற்கும் பிற்கால வேலைத்திறனுக்கும் உள்ள ஒட்டுறவு (முழுப் பொருத்தம் என்றால் 1, தொடர்பே இல்லை என்றால் 0) 0.42தான். முதலிடத்துக்கே அவ்வளவுதான் என்றால் மற்றவற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பதினஞ்சு வருஷ எக்ஸ்பீரியன்ஸ் இருக்கே, அதுக்கு மதிப்பே இல்லையா?

உண்டு, நீங்கள் நினைக்கிற அளவுக்கு இல்லை. 1998இல் ஷ்மிட், ஹண்டர் என்ற உளவியலாளர்கள் இருவரும் 85 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்தபோது வேலை அனுபவ ஆண்டுகளுக்குக் கிடைத்த ஒட்டுறவு 0.18. மூன்று மாத வேலையை அறுபது தடவை செய்தாலும் பதினைந்து வருஷம் ஆகிவிடும்.

நல்லா வேலை செய்யற ஆபரேட்டரை சூப்பர்வைசர் ஆக்கினேன். ஆபரேட்டரும் போச்சு, சூப்பர்வைசரும் கிடைக்கலை. ஏன்?

லாரன்ஸ் பீட்டர் என்ற கல்வியாளர் 1969இல் கிண்டலாகச் சொன்ன விதி இதுதான்: ஒவ்வொருவரும் தனக்கு முடியாத பதவி வரும்வரை உயர்ந்துகொண்டே போவார். கிண்டல் என்றுதான் ரொம்ப நாள் விட்டுவிட்டார்கள். பென்சன், லீ, ஷூ என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள் 131 அமெரிக்கக் கம்பெனிகளின் விற்பனை ஊழியர் பதிவுகளை எடுத்துப் பார்த்து 2019இல் வெளியிட்டார்கள். அதிகம் விற்றவர்களுக்குத்தான் மேனேஜர் பதவி கிடைத்தது. அப்படி வந்தவர்களின் கீழ் இருந்தவர்களின் விற்பனை இறங்கியது. பிறரோடு சேர்ந்து விற்றுப் பழகியவர்கள்தான் நல்ல மேனேஜராக இருந்தார்கள்.

நானே செய்த தப்பு ஒன்று. ஒரு பட்டறையில் லேத் ஆபரேட்டர். மைக்ரோமீட்டரை எடுக்கும் முன்பே சத்தத்தை வைத்து டூல் தேய்ந்துவிட்டது என்பார், எடுத்து அளந்தால் சரியாக இருக்கும். சூப்பர்வைசராக்கச் சொல்லி சிபாரிசு செய்தது நான்தான். ஆறு மாதம் கழித்துப் போனேன். எந்த மெஷினில் பிரச்சினையோ அங்கே அவரே நின்று ஓட்டிக்கொண்டிருந்தார். அடுத்த வாரத்துக்கு இன்சர்ட் (லேத்தில் மாற்றிப் போடும் வெட்டு முனை) சொல்லி வைக்கவில்லை. தீபாவளிக்கு யார் லீவு, யார் வருவார் என்று எழுதவில்லை. பையன்கள் அவர் வந்து சரிசெய்யட்டும் என்று கை கட்டி நின்றார்கள். ஷாஃப்ட் மட்டும் பிரமாதமாக வந்துகொண்டிருந்தது. அவர் திறமை குறையவில்லை. ஒரு மணி நேரத்தில் பதில் தெரிகிற வேலையிலிருந்து அவரைப் பிடுங்கி, ஆறு மாதம் காத்திருக்க வேண்டிய வேலையில் நட்டிருந்தோம்.

மரியாதையும் சம்பளமும் உயர மேலாளர் ஆவது ஒன்றே வழி என்று வைத்திருக்கும்வரை இது நடக்கும். இஸ்ரோவில் விஞ்ஞானிகளுக்கு SD, SE, SF என்று படிப்படியாக நிலைகள் உண்டு. மேலே இடம் காலியானால்தான் உயர்வு என்ற கட்டு கிடையாது. தகுதியை மதிப்பிட்டு உயர்த்துகிறார்கள். சின்னப் பட்டறையிலும் இப்படி இரண்டாவது ஏணி ஒன்றை வைக்க முடியும்.

மேனேஜர்னு ஒருத்தரைப் போட்டாச்சு. ஆனா எல்லாரும் அவரைத் தாண்டி என்கிட்டயேதான் வர்றாங்க.

இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, அவருக்கும் அவர் கீழ் இருப்பவர்களுக்கும் வீச்சு ஒன்றே. அவர்கள் தலையை உடைத்துக்கொள்ளும் பிரச்சினையில் அவராலும் புதிதாக ஒன்றும் சொல்ல முடிவதில்லை. ஜாக்ஸ் கறாராகச் சொன்னது: மேலாளர் தன் கீழுள்ளவரைவிட ஓர் அடுக்கு மேலே இருக்க வேண்டும், ஒன்றே ஒன்று. அதே அடுக்கில் இருந்தால் தபால்காரர். இரண்டு அடுக்கு மேலே இருந்தால் அவர் சொல்வது இவர்களுக்குப் புரியாது. இவர்கள் சொல்வது அவருக்குப் பொறுக்காது.

இன்னொன்றைச் சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்த மேனேஜருக்கு என்ன அதிகாரம் கொடுத்தீர்கள்? வேண்டாத ஆளைத் தன் குழுவில் சேர்க்காமல் தடுக்க, யாருக்கு எந்த வேலை என்று பிரிக்க, வேலையை மதிப்பிட, சரிப்படாதவரைத் தன் குழுவிலிருந்து மாற்றச் சொல்லித் தொடங்கிவைக்க. குறைந்தது இந்த நாலும் வேண்டும் என்பார் ஜாக்ஸ். நாலும் உங்கள் கையிலேயே இருந்தால் ஆட்கள் உங்களிடம் வராமல் எங்கே போவார்கள்?

கெட்டிக்காரரைச் சின்ன வேலையில வெச்சா நமக்கு லாபம்தானே?

ஒரு வருஷம் லாபம். அப்புறம் தேவையில்லாத சீர்திருத்தம், அரசியல், அல்லது ராஜினாமா. மேலே சொன்ன டெஸ்பாட்ச் பெண்மணி கடைசியில் எதிர்க் கம்பெனியில் சேர்ந்தார்.

சம்பளத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா?

ஜாக்ஸ் கிளேசியரில் கண்டதாகச் சொன்னதில் எனக்கு ஆச்சரியமானது இதுதான். “உங்கள் வேலைக்கு எவ்வளவு கொடுத்தால் நியாயம்?” என்று ஆட்களைத் தனித்தனியே ரகசியமாகக் கேட்டால், ஒரே கால வீச்சில் இருப்பவர்கள் ஏறக்குறைய ஒரே தொகையைச் சொல்கிறார்கள் என்றார். வெல்டரோ அக்கவுன்டன்டோ, தொழில் எதுவானாலும். எல்லா ஆய்வாளர்களும் இதை அப்படியே ஏற்கவில்லை. பேரம் பேசும்போது யாரும் இப்படிப் பேசுவதும் இல்லை. ஆனால் ஒரு குமுறலைப் புரிந்துகொள்ள இது உதவும்: பக்கத்து மேஜைக்காரர் இரண்டாயிரம் கூட வாங்குகிறார் என்பதைவிட, தன்னுடையதைவிடக் குட்டை வேலைக்கு வாங்குகிறார் என்பதுதான் ஆளை அரிக்கிறது.

என் பையன் எம்பிஏ முடிச்சு வந்திருக்கான். எந்த இடத்துல உட்கார வைக்கிறது?

பயிற்சிக்கு என்றால் உங்கள் கம்பெனியில் எங்கேயும் வேண்டாம். நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் பர்மாவிலும் மலாயாவிலும் வட்டிக்கடை நடத்தியபோது பையன் முதலில் பெட்டியடிப் பையன் (கடைநிலை உதவியாள்), அப்புறம் அடுத்தாள் (மேலாளுக்குத் துணை), கடைசியில்தான் மேலாள் (முதலாளிக்காகக் கடையை நடத்துபவர்). முதலாளி வீட்டுப் பிள்ளையும் இன்னொருவர் கடையில் கீழிருந்து கற்றுக்கொள்வது வழக்கமாக இருந்தது. சொந்த அப்பாவிடம் யாரும் தப்பைச் சொல்ல மாட்டார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும்.

அந்த ஏற்பாட்டில் இன்னொன்றையும் கவனியுங்கள். மேலாளுக்கு மூன்று வருஷக் கணக்கு. கடல் கடந்து போனவர் கடன் கொடுப்பது, வசூலிப்பது, வழக்குப் போடுவது எல்லாம் தன் தீர்மானத்தில் செய்வார். தவணை முடிந்து ஊர் திரும்பினால்தான் முழுக் கணக்கும் வெகுமதியும். ஜாக்ஸ் பட்டியலில் அது நான்காவது அடுக்கு. கால வீச்சு என்ற சொல் இல்லாமலே அந்தப் பதவியை அப்படி அமைத்திருந்தார்கள்.

ஆளை அடுக்கடுக்கா பிரிக்கிறீங்களே, இது புதுசா ஒரு சாதி மாதிரி இல்லையா?

இந்தக் கேள்வியை ஒரு யூனியன் தலைவர் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். திறனுக்கும் படிப்பு, இனம், ஆண் பெண் என்பதற்கும் தொடர்பில்லை என்று ஜாக்ஸ் சொன்னார். அந்த அளவில் இது பிறப்பைப் பார்ப்பதற்கு நேர் எதிர். ஆனால் அவர் அதோடு நிறுத்தவில்லை. ஒவ்வொருவரின் திறனும் வயதோடு ஒரு குறிப்பிட்ட பாதையில் வளரும், இன்று அளந்தால் இருபது வருஷம் கழித்து எங்கே நிற்பார் என்று சொல்லலாம் என்றும் சொன்னார். இதில் எனக்கு உடன்பாடில்லை. அதற்கு ஆதாரமாகக் காட்டப்படுவது பெரும்பாலும் அவரும் அவர் வழி வந்தவர்களும் செய்த ஆய்வுகள். வாய்ப்பே கிடைக்காதவரை அளந்து, இவருக்கு இவ்வளவுதான் என்று எழுதி வைத்தால் அந்த யூனியன் தலைவர் பயந்தது நடந்துவிடும்.

அதனால் பதவிகளுக்கு மட்டும் அடுக்கு எண் போடுகிறேன். ஆள் பெயருக்கு எதிரே எந்த எண்ணையும் ஃபைலில் எழுத விடுவதில்லை. ஒருவர் அடுத்த அடுக்குக்குத் தயாரா என்பதை அவருடைய நேர் மேலாளர் மட்டும் தீர்மானிக்கக் கூடாது, மேலாளரின் மேலாளர் பார்க்க வேண்டும். இதுவும் ஜாக்ஸ் சொன்னதுதான், இதில் முழு உடன்பாடு. தன் நாற்காலிக்கு வரக்கூடியவரைப் பற்றி யாரும் நடுநிலையாகப் பேசிவிட முடியாது.

தப்பான ஆளைத் தப்பான இடத்துல போட்டுட்டோம். இப்ப எப்படிங்க கீழே இறக்கறது?

முடிந்தால் முதலிலேயே தவிர்க்கலாம். பதவியைக் கொடுக்கும் முன் அந்தப் பதவியின் நீளமான வேலை ஒன்றை மட்டும் தனியாகக் கொடுத்துப் பாருங்கள். சூப்பர்வைசர் வேண்டுமானால், தீபாவளி மாத ஆள் திட்டத்தை ஆகஸ்ட்டிலேயே ஒப்படையுங்கள்.

போட்டாகிவிட்டது என்றால், தப்பு உங்களுடையது என்று முதலில் நீங்கள் சொல்ல வேண்டும், எல்லோர் முன்னிலையிலும். சம்பளத்தில் கை வைக்காதீர்கள். அந்த லேத்காரரிடம் நானும் முதலாளியும் சேர்ந்துதான் பேசினோம். டூல் ரூமை அவர் பொறுப்பில் விட்டு, புதுப் பையன்களுக்கு செட்டிங் சொல்லிக்கொடுக்கிற வேலையும் சேர்த்துத் தருவதாகச் சொன்னோம். கொஞ்ச நேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். சரி என்றார். ஆபரேட்டர்களுக்குக் காக்கி, சூப்பர்வைசர்களுக்கு நீலம் அந்தப் பட்டறையில். நீலச் சட்டையை மட்டும் திருப்பிக் கேட்காதீர்கள் என்றார். கேட்கவில்லை.